கூத்துக்கு அச்சாரம்

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. சென்னையில இருந்து போளூருக்கு ஒரு பஸ்ஸு, அங்கேருந்து வளைஞ்சு வளைஞ்சு ஜமுனாமரத்தூருக்கு இன்னொரு பஸ்ஸு, எறங்கினதும் வேலியோரமா வாந்தி. அப்பக்கூட காதுல சொருகினத நீ கழட்டல பாரு, அதுக்குப் பேருதான் பக்தி. சாமைக் கஞ்சி இருக்குது, குடிச்சுக்கினே கேளு. எந்தப் பாட்ட நேர்ல போய்க் கேக்கணும், எந்தப் பாட்ட காசு குடுத்து வாங்கி வெச்சுக்கணும்னு என்னையப் போய்க் கேக்கற. மூணாங்கிளாசோட ஆட்டுக்குப் பின்னால போனவன் நான். இருந்தாலும் கேட்டுட்ட, சொல்லித்தொலைக்கிறேன்.

மொதல்ல அந்தப் பையில இருக்கறதப் பேசிடுவோம். கறுப்புத் தட்டு. ரெக்கார்டு திரும்ப வந்துடுச்சாமே. வெலையக் கேட்டேன், எனக்குப் பொறையேறிப் போச்சு. சரி, அத்தச் சுத்த வெக்கற பொட்டி எங்கடான்னா, இன்னும் வாங்கலியாம். அதுவரைக்கும் ரூம்பு செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வெக்கப் போறியாம். நல்ல யோசனை. நானும் ஏர்க்கலப்பையச் செவுத்துல மாட்டிட்டு உக்காந்திருந்தா இந்த முதுகு வலி வந்திருக்காது.

நாங்க பாத்த தட்டு வேற. நான் பொடியனா இருந்தப்ப, புளி குத்தகைக்கு வந்த ஆளு ஒருத்தரு நாய் படம் போட்ட பொட்டி ஒண்ணு தலைச்சுமையா ஏத்திக்கினு வந்தாரு. சாவி முறுக்கினா ஓடும். ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிஷம், அவ்ளோதான் பாட்டு. முள்ள மாத்தி மாத்திப் போடணும். அதுல கிட்டப்பா பாடுவாரு. அந்த மனுஷன் 1933-லயே போய்ச் சேந்தவரு, எங்க மலைக்கு ஏறி வந்ததே அதுக்கு இருவது வருஷம் கழிச்சுத்தான். செத்தவரு அவ்ளோ உச்சத்துல நின்னு பாடறதக் கேட்டு எங்க பாட்டி பொட்டியச் சுத்தி துன்னூறு தூவிட்டுது. சாவி தீந்துச்சுன்னா கிட்டப்பா குரலு மெல்ல எறங்கி எறங்கி பீமன் குரலாயிடும். குத்தகைக்காரரு வெடுக்குனு முறுக்குவாரு, பீமன் திரும்பவும் மேல ஏறி கிட்டப்பா ஆயிடுவாரு. உண்மையச் சொல்லணும்னா அந்தப் பாட்டுல எனக்குப் புடிச்ச எடமே அதுதான்.

அந்தத் தட்டு எதுல செஞ்சது தெரியுமா? அரக்குலடா. மரக்கொம்புல பூச்சி கக்கி வெக்குதே, அந்த அரக்குல கல்லுப்பொடி கலந்து வார்த்தது. பாண்டவரக் கொளுத்தறதுக்குத் துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே சரக்குதான். கை தவறிச்சுன்னா ஒடஞ்சுடும். ஒருநாளு வெள்ளாடு ஒண்ணு ஏறி மிதிச்சு கிட்டப்பா நாலு துண்டாயிட்டாரு. ஒன்னோடது பிளாஸ்டிக்கு மாதிரி, அவ்ளோ லேசுல ஒடயாதாம். குடுத்து வெச்ச ஆடு.

அப்புறம் கேசட்டு வந்துச்சு. 1984-ல 'விதி'னு ஒரு படம். பாட்ட விடு, அந்தப் படத்தோட கதை வசனத்தையே கேசட்டாப் போட்டு வித்தாங்க. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, எங்க பாத்தாலும் புளியமரத்து உச்சியில குழாயக் கட்டி அதுதான் ஓடும். கீழ மாப்பிள்ள தாலி கட்டறான், மேல குழாயில ஏமாத்தினவனக் கோர்ட்டுல நிக்க வெச்சுக் குறுக்கு விசாரணை நடக்குது. நம்ம ஊருல ரெண்டு மாப்பிள்ளைங்களுக்குத் தாலி கட்டறப்ப கை நடுங்கினது எனக்குத் தெரியும். ஒங்கப்பன் அதுல ஒருத்தன்.

சரி, நேர்ல கேக்கறதுக்கு வருவோம். ஜமுனாமரத்தூருல கோடை விழா நடக்குது, மேடை போடறாங்க, நல்லாத்தான் இருக்குது. ஆனா பறையடிக்கற புள்ளைங்க தோலு சூடேத்தி, கால்ல சலங்கை கட்டி, இப்பத்தான் மூச்சு புடிச்சு ஆட ஆரம்பிக்குதுங்க, "அடுத்ததாக"ன்னு மைக்குல ஒருத்தரு வந்துடறாரு. வாயில போட்ட தேன முழுங்கறதுக்குள்ள வாயத் தொடச்சு விட்ட மாதிரி. நீ என்ன பண்ணின? அந்த அஞ்சு நிமிஷமும் போன ஒசத்திப் புடிச்சிருந்த. பின்னால இருந்த நான் ஒன் போனுக்குள்ளதான் ஆட்டத்தப் பாத்தேன். அதுவும் பரவால்ல, எனக்குக் கண்ணாடி செலவு மிச்சம்.

ஊர்த் திருவிழாவுக்கு எளவட்டம் கொண்டாந்த டிஜே செட்டு இன்னொரு கூத்து. மாட்டுக்கொட்டா ஒசரத்துக்கு ஸ்பீக்கரு அடுக்கி, வானத்தப் பாத்து லேசரு வெளிச்சம் அடிச்சான். பக்கத்துக் காவலூருல 2.34 மீட்டர் கண்ணாடி வெச்சு ராவெல்லாம் நட்சத்திரம் பாக்கறாங்க, 1986-லருந்து. எங்கியோ கெடக்கற நட்சத்திரத்தோட மினுக்கலத் தேடறவங்க கண்ணுல நம்ம பய டார்ச்சு அடிக்கிறான். பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல சட்டம் போட்டாங்களே, அத்தப் போட்டவரு நல்லா இருக்கணும். ஸ்பீக்கரு நின்னப்புறமும் எங்கூட்டுக் கோழி மூணு நாளு மொட்ட வெக்கல.

நீ லண்டனு கதையும் சொன்ன. 2025 மார்ச் 8-ல நம்ம பண்ணைப்புரத்து ராஜா அங்க போய் சிம்பொனி வெச்சாருன்னு. பெருமைதான், யாரு இல்லைன்னா? ஆனா வாசிக்கறப்ப எழுந்து போய் டீ குடிச்சுட்டு வர முடியாதாமே. இருமல்கூட வரக்கூடாதாமே. அது என்னமோ எனக்குத் தோது ஆவாது.

மார்கழியில சபாவுக்குள்ள மட்டும் பாட்டு இருந்தது போதும்னு 2020-லருந்து சென்னையில மக்களிசைன்னு மேடை போடறாங்களே, கானாவும் ஒப்பாரியும் அதுல ஏறுதுன்னு நீ சொன்னப்ப மட்டும் நான் கிண்டல் பண்ணல, கவனிச்சியா? அங்க பாடின அறிவுங்கற புள்ள 2024-ல 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு தன் பாட்டி பேரிலயே தொகுப்புப் போட்டிருக்கான். நீயும் ஒரு பேராண்டிதான். என் பேரு ஒன் போன்ல 'தாத்தா வீடு'ன்னு இருக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். கூத்து பாத்திருக்கியா நீ? ராத்திரி பத்துக்கு மேளம் கட்டினா வெடியறவரைக்கும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியப் பொட்டி, ஜால்ரா. ரெண்டு பேரு திரை புடிக்க, அதுக்குப் பின்னால சலங்கை மட்டும் தெரியும். துரியோதனன் உள்ள இருந்தே பாடுவான், சட்டுனு மூஞ்சக் காட்ட மாட்டான். சனம் தூங்குதுன்னு தெரிஞ்சா கட்டியக்காரன் பாட்ட நிறுத்திட்டு, தூங்கறவன் பேரச் சொல்லி அவன் மாமியாரப் பத்தி நாலு வார்த்த சொல்லுவான். ஒன் தட்டுக்கு நீ தூங்கறது தெரியுமா? சனம் முழிச்சுட்டா ஒரே பாட்ட அரை மணி இழுப்பாங்க, மழை தூறினா ரெண்டு அடியில முடிப்பாங்க. அர்ச்சுனன் தபசு மரம் ஏறறப்ப படிக்கு ஒரு பாட்டு. பாஞ்சாலி வேஷம் கட்டின ஆளுக்கு நாலு மணிக்கு அரிதாரத்த மீறி தாடி எட்டிப் பாக்கும். அப்பவும் அவ கூந்தல விரிச்சுப் போட்டுச் சபதம் சொன்னா பொம்பளைங்க அழுவாங்க.

ஒரு வருஷம் துகில் உரியறாங்க. துச்சாதனன் சேலையப் புடிச்சு இழுத்துக்கினே இருக்கான். நான் போய் பத்து ரூவா நீட்டினேன். கட்டியக்காரன் கையக் காட்டினான், துச்சாதனன் இழுக்கறத நிறுத்திட்டான், பாஞ்சாலி அழுகைய நிறுத்திட்டா. என் பேரு, எங்கப்பன் பேரு, ஊரு பேரு சொல்லி "அன்பளிப்பு பத்து ரூபாய்"ன்னு ராகம் போட்டு முடிச்சான். அப்புறந்தான் சேலையத் திரும்ப இழுத்தாங்க. கண்ணன் வர்றதுக்கு முன்னாடி அஸ்தினாபுரத்துல என் பேரு கேட்டுச்சுடா. ஒன் போன்லயும்தான் பாட்டு நடுவுல நிக்குது. அதுல சோப்புக்காரன் பேருதானே வருது?

இந்தக் கலைய லேசா நெனைக்காத. செய்யாறு நம்ம மலையில பொறந்து ஓடற ஆறு. அந்தச் செய்யாறு பக்கத்துப் புரிசையில தலைமுறை தலைமுறையா தம்பிரானுங்க கூத்தாடறாங்க. கொலம்பியா தேசத்து மார்க்வெஸ் எழுதின, றெக்கை மொளைச்ச கெழவன் கதையக்கூட கூத்தாக்கிட்டாங்க. கெழவனுக்கு றெக்கை மொளைச்சா என்ன பண்ணுவான்னு எனக்கும் ஒரு யோசனை இருக்குது, அத்த அப்புறம் சொல்றேன். அந்தக் குடும்பத்துப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குத்தான் 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

அதனால இப்படிப் பண்ணு. அந்தத் தட்ட எந்தக் கடையில வாங்கினியோ அங்கியே திருப்பிக் குடு. வந்த காச எடுத்துக்கினு நாளைக்குக் காலையில மொத பஸ்ஸப் புடி. கீழ ஒரு வாத்தியாரு இருக்காரு, நல்ல ஜமா. வெத்தல பாக்கு வெச்சு அச்சாரம் குடுத்துட்டு வா. துகில் உரியற ஆட்டம்தான் வேணும்னு சொல்லு. சில்லறையா நூறு ரூவா மாத்தி என் கையில குடுத்துடு, பத்து பத்தா நீட்டிக்கறேன். ஒன் பேரச் சொல்லச் சொல்லட்டுமா? வேணாம், ஒனக்கு எதுக்குடா வெட்கம். என் பேரே இருக்கட்டும்.