மூக்கைத் துளைக்கும் கேள்விகள்

கேள்வி: நெதர்லாந்தில் இருக்கும் என் அத்தான், அங்கே ‘ஜாக் ஹெரர்’ என்றொரு கஞ்சா ரகம் பைன் மரம், எலுமிச்சை, மிளகு எல்லாம் கலந்து மணக்கும் என்கிறார். கதை விடுகிறாரா? (திருச்சி வாசகர்)

பதில்: கதை இல்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்பதை உங்கள் அக்கா விசாரித்துக்கொள்வார். 1990-களில் நெதர்லாந்தில் உருவான ரகம் அது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொல்லிக் காலமெல்லாம் குரல் கொடுத்த அமெரிக்கர் ஜாக் ஹெரரின் (1939–2010) பெயரை வைத்தார்கள். வாசனைக்குப் பொறுப்பு டெர்பீன்கள். பல ரகங்களில் மிர்சீன் என்ற டெர்பீன்தான் தூக்கலாக இருக்கும். இதில் பெரும்பாலும் டெர்பினோலீன். பைன் வாடையும் லேசான பூ மணமும் எலுமிச்சைச் சாயலும் அதன் கைங்கரியம். பைனீனும் ஒத்து ஊதும். மிளகு நெடிக்குக் காரணம் கேரியோஃபிலீன்.

கேள்வி: டெர்பீன் என்றால் ஏதாவது கெமிக்கலா? (கும்பகோணம் வாசகி)

பதில்: கெமிக்கல்தான். உங்கள் அஞ்சறைப்பெட்டி முழுக்க அதுதான். எலுமிச்சைத் தோலை மடித்து அழுத்தினால் கண்ணில் தெறித்து எரிகிறதே, அதில் பெரும்பகுதி லிமோனீன். தனியாவை இடிக்கும்போது எழும் மணம் லினலூல். மிளகிலும் கிராம்பிலும் மேலே சொன்ன அதே கேரியோஃபிலீன். கஞ்சாப் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால், குட்டிக் காளான் மாதிரி உருண்டைத் தலையோடு ரோமங்கள் நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இருக்கும் அந்தத் தலைக்குள்தான் வாசனையும் போதையும் ஒட்டுக் குடித்தனம்.

கேள்வி: அப்படியானால் வாசனை தூக்கல் என்றால் போதையும் தூக்கல்தானே? (மதுரை வாசகர்)

பதில்: ஒரே வீட்டில் இருந்தால் ஒரே குணமா? போதை தரும் டி.எச்.சி.க்கு வாசனையே கிடையாது. முகர்ந்து பார்த்துத் தலையாட்டுகிறவர் நடிக்கிறார்.

கேள்வி: எலுமிச்சை, பூ என்று அளக்கிறீர்கள். ஆம்ஸ்டர்டாமில் தெருமுனையில் குப்பென்று அடித்ததே ஒரு நாற்றம், அது என்ன? (டூர் போய் வந்த கோவை வாசகர்)

பதில்: டெர்பீன்கள் ரொம்ப காலம் சுமந்த பழி அது. 2021-இல்தான் கந்தகம் கலந்த வேறொரு கூட்டத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதன் தலைவர் பெயர் 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால். வெயிலில் வைத்த பீர் கெட்டுப்போனால் அடிப்பதும் இதே சரக்குதான். தம்மாத்துண்டு அளவு போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். டெர்பீன் எக்கச்சக்கமாக இருந்தும் இதனிடம் தோற்றுப்போகிறது.

கேள்வி: ‘இண்டிகா’ வகைக் கஞ்சா தூங்க வைக்கும், ‘சாட்டிவா’ வகை துள்ள வைக்கும் என்கிறார்களே? (டொராண்டோ வாசகர்)

பதில்: உங்கள் நாட்டு டல்ஹவுசி பல்கலைக்கழகம் இதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய 300 மாதிரிகள். இந்த லேபிள்களுக்கும் செடியின் ஒட்டுமொத்த மரபணுவுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் சில டெர்பீன்களோடு பொருந்தின. இண்டிகா என்று எழுதியிருந்தவற்றில் மிர்சீன் கூடுதல். அதாவது வளர்த்தவர்கள் மூக்கால் ஜாதகம் எழுதியிருக்கிறார்கள். 2018 முதல் அங்கே கடையில் கஞ்சாவைச் சட்டப்படியே விற்கிறார்கள், ஆனாலும் லேபிளைப் பார்த்துத் தூக்கத்துக்கு உத்தரவாதம் கேட்காதீர்கள்.

கேள்வி: டெர்பீனால் வாசனை தவிர வேறு பலன் எதுவுமே இல்லையா? (சென்னை வாசகி)

பதில்: ‘இந்த டெர்பீன் இந்த மனநிலை’ என்று அட்டவணை போட்டு விற்பதில் முக்கால்வாசி வியாபாரம். ஆனால் ஒன்றை ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 20 பேருக்கு டி.எச்.சி.யைத் தனியாகவும், லிமோனீன் சேர்த்தும் ஆவியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. லிமோனீன் கூடக் கூட, டி.எச்.சி. கிளப்பும் பதற்றமும் வீண் சந்தேகமும் குறைந்தன. மற்ற விளைவுகள் அப்படியே இருந்தன. 20 பேர் என்பது ஒரு பஸ்ஸில் பாதிகூட இல்லை. அதற்குள் எலுமிச்சையை மருந்தாக்கிவிட வேண்டாம்.

கேள்வி: நம்ம ஊரில் முகர்ந்து பார்க்கவாவது முடியுமா? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

பதில்: பெயரை மறைத்ததிலேயே உங்களுக்கு விவரம் தெரியும் என்று தெரிகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பூக்கும் காய்க்கும் நுனிகள்தான் ‘கஞ்சா’. மணப்பதும் அந்த நுனிதான். கையில் வைத்திருந்தாலே குற்றம்.

கேள்வி: மாம்பழம் சாப்பிட்டுவிட்டு இழுத்தால் போதை கூடும் என்கிறான் நண்பன்... (சேலம் வாசகர்)

பதில்: மாம்பழத்திலும் மிர்சீன் உண்டு என்பதை வைத்துக் கட்டிய கதை. மிர்சீன் அளவே ரகத்துக்கு ரகம் மாறும். அதிருக்கட்டும், மாம்பழம் சாப்பிட சேலத்துக்காரருக்கு ஒரு காரணம் வேறு வேண்டுமா?