சகுராயு குறித்து அம்மாவுக்கு ஒரு விளக்கம்

அம்மா அவர்களின் சமூகத்திற்கு, யோகோஹாமாவிலிருந்து இளைய மகன் வணக்கத்துடன் எழுதுவது, இங்கு சேமம்.

பூவைப் போட்டுத் தேநீர் குடிக்குமளவுக்கு அங்கே தேயிலைப் பஞ்சமா என்று அம்மா சென்ற கடிதத்தில் எழுப்பியிருந்த வினா நியாயமானதே. சகுராயு எனப்படும் இப்பானத்தில் தேயிலையும் இல்லை, பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உப்பிலிட்ட செர்ரிப் பூ ஒன்றிரண்டும் வெந்நீரும் மட்டுமே உண்டு.

ஊரார் மரத்தடியில் விரிப்புப் போட்டு அமர்ந்து ரசிக்கும் சோமேய் யோஷினோ என்னும் ஐந்திதழ் வகை இதற்கு உதவாது. அது உதிர்ந்த பின் ஏப்ரல் நடுவில் பூக்கும் கான்சான் என்னும் அடுக்கிதழ் வகையே, நிறம் அழுத்தமாக இருப்பதால், ஊறலுக்கு ஏற்றது. இதே கனகாவா மாநிலத்து ஹதானோ நகரம் இப்பூவுக்குப் பேர்போனது. பூங்காவில் பூப்பறிக்கலாகாது என்பதால், அடுத்த வீட்டு மரத்தில் கேளாமல் கைவைத்தே வளர்ந்த மகன், வீட்டுக்கார மூதாட்டியிடம் முறைப்படி அனுமதி கேட்டு, கூடையும் கையுமாக நிற்க நேர்ந்தது.

முக்கால் பங்கு விரிந்த பூவைக் காம்போடு பறித்து, அலசி, ஈரம் ஒற்றி, 100 கிராமுக்கு 20 கிராம் உப்பு தூவி அழுத்தினால், மாவடு போலவே தன் நீரைத் தானே விடும். பிறகு பூவைப் பிழிந்து, உமேசு எனப்படும், உமே என்ற புளிப்புக் காயை உப்பிலிடும்போது ஊறிவரும் நீரில் சில நாள் கிடத்தி, நிழலில் உலர்த்தி, மீண்டும் உப்பில் புரட்டிச் சேமிப்பர். பச்சைப் பூவில் மணம் அநேகமாக இராது. உப்பில் திசு சிதையும்போதுதான் கூமரின் என்னும் வாசனைப் பொருள் வெளிப்படும்.

அழுத்துவதற்கென்றே இங்கு ஒரு கருவி உண்டு. பிளாஸ்டிக் டப்பா, அதன் மூடியில் திருகு, திருகின் கீழ் சுருள்வில், வில்லின் கீழ் தட்டு. பூ சுருங்கச் சுருங்க வில் தளர்வதால், அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு திருகு, படுக்குமுன் ஒரு திருகு, நடுநிசியில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அதற்கும் ஒரு திருகு என்று மகனின் இல்வாழ்க்கை அதைச் சுற்றியே நடந்தது. பழைய முறைப்படி கல் வைக்க விரும்புவோருக்கு, கைப்பிடியுடன் பிளாஸ்டிக் உறையிட்ட கல்லும் எடைவாரியாகக் கடையில் கிடைக்கிறது. காசு கொடுத்துக் கல் வாங்கும் நாடு இது என்பதை அப்பாவிடம் சொல்லாதிருப்பது உத்தமம்.

திருமணத்திலும் நிச்சயதார்த்தத்திலும், கலங்கிய தேநீர் சுபமன்று என்று கருதி, சகுராயுவையே இங்கு பரிமாறுவர். இச்செய்தியிலிருந்து அம்மா எந்த முடிவுக்கும் வந்து தரகரை அழைக்க வேண்டாம்.

சுவை, மணமுள்ள உப்புத் தண்ணீர்தான். வெந்நீரில் பூ விரிவதைக் கண்டு மூதாட்டி கைகூப்பியபோது மகனுக்குப் பெருமையாக இருந்ததும், அடுத்த நொடியே நாக்கு காபி கேட்டதும், பொடி தீர்ந்து வெகுநாளானதும் ஒருசேர உண்மை. பொதி அனுப்பும்போது அரைக் கிலோ சேர்க்கவும், சிக்கரி வேண்டாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் பூ வருகிறது. உப்பை நன்கு அலசிய பின்னரே வெந்நீர் ஊற்ற வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியப்பாவுக்குப் பூவைக் காட்டினால் போதும்.