முதுகின் விலை

அமெரிக்க தேசத்தில் 1997 முதல் 2005 வரை, விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், முதுகெலும்பு உபாதைக்காரர்களின் வைத்தியச் செலவு 65 சதவிகிதம் உயர்ந்ததாகவும், அவர்களுடைய தேக சௌக்கியமோ சற்றும் தேறாமல், அதாவது நாற்காலிக் கையைப் பிடித்தபடியே, நின்றுவிட்டதாகவும் 2008-இல் வைத்திய சஞ்சிகை ஒன்று கணக்குக் காட்டிற்று. அதற்கு முன்பே, 1994-இல், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் படுக்க வைத்துப் பார்த்ததில், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் யாவும் பழுதற்று இருந்தவர்கள் 36 சதவிகிதந்தான். சுகமாக உள்ளே போனவர் நோயாளியாக வெளியே வருவதற்கு இதைவிடச் சுருக்கமான மார்க்கம் இருப்பதாகத் தோன்றவில்லை. பாரசிட்டமாலும் வெற்று மாத்திரையும் திடீர் இடுப்பு வலிக்கு ஒன்றேதான் என்று 2014-இல் ஆஸ்திரேலியாவில் ருசுவாயிற்று. கடைசியில் அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017-இல் வாய் திறந்து, புதிதாக வந்த வலி பெரும்பாலும் தானே போய்விடும், மருந்துக்கு முன் சூடு வைத்துப் பாருங்கள் என்று சாவதானமாகச் சொல்லிற்று. பழந்துணியைச் சுருட்டித் தோசைக்கல்லில் காட்டி என் பாட்டி கொடுத்த ஒத்தடத்துக்கு ரசீது கிடையாது; கொடுத்துவிட்டு எழுந்திருக்கையில் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.