கல்கிசையா, கோட்டையா?

கொழும்பில் விடுமுறையைக் கழிக்கச் சித்தங்கொண்ட கனவான்களுக்கு, பிரயாணச் செலவைக் காட்டிலும் பெரிய விசாரம், கடலோரக் கல்கிசையில் ஜாகை கொள்வதா, அல்லது பட்டணத்து நடுவே கோட்டையில் கொள்வதா என்பதேயாம். கல்கிசைப் பக்ஷத்தார், 1806-இல் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் அங்கே மாளிகை எழுப்பியதையும், லொவினா என்னும் நடனமாது அவரை இரகசியமாகச் சந்திக்கச் சுரங்கவழி ஒன்று இருந்ததாம் என்னும் ஐதிகத்தையும் உருக்கத்தோடு எடுத்துரைப்பர். அலையோசையில் லயித்துச் சமாதி நிலை எய்தப் போனவரின் செவியருகே, கரையை ஒட்டியே ஓடும் புகையிரதம் வேளைதோறும் ஊதிச் சென்று அவரை லௌகிகத்துக்கு மீட்டுவிடும் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவர்.

கோட்டைப் பக்ஷத்தாரோ, சகலமும் காலடியில் என்று பெருமை பேசி, வங்கிகளும் காரியாலயங்களும் கதவடைத்து வீதிகள் வெறிச்சோடியதும், காலிமுகத்திடலுக்கு விரைந்து, கையில் இறால் வடையுடன், தாம் வேண்டாமென்று தள்ளிய அதே சமுத்திரத்தைத் தரிசித்துக்கொண்டு நிற்பர். அந்நேரம் கல்கிசைக்காரர், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நெரிசலைக் கடந்து, புறக்கோட்டைக் கடைகளில் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். இதற்குத்தான் இத்தனை தர்க்கம்! (உணவு விஷயத்தில் இரு திறத்தாரும் கொத்து ரொட்டியிடமே சரணாகதி.)

இரண்டுக்கும் இடையே, தோசைக் கடையும் கடற்காற்றும் ஒருங்கே வாய்த்த வெள்ளவத்தை இருக்கிறது. அங்கே ஒன்றுவிட்ட சித்தப்பா எவரேனும் குடியிருப்பாராயின், வாசகரே, இவ்வாராய்ச்சி முழுவதும் தங்களுக்கு அநாவசியம்.