காலண்டர் அட்டையின் பின்புறம்: இல்லக் கணினிக் காப்பியல் குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியை இணையத் திருடர்களிடமிருந்து காக்கத் தமிழ்க் குடும்பங்கள் கைக்கொள்ளும் முறைகள் மூன்று. ஆயுத பூஜையன்று சிபியு பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இடுவது முதலாவது. மற்ற நாட்களில் அதன்மேல் பழைய துண்டைப் போர்த்தி வைப்பது இரண்டாவது. இது தூசிக்கு எதிராக மட்டுமே பலன் தருவதாகத் தெரிகிறது. கடவுச்சொற்களையெல்லாம் தினசரி காலண்டர் அட்டையின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அட்டையைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிடுவது மூன்றாவது. முதல் இரண்டையும் பிற அறிஞர்களுக்கு விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வங்கிக்காரர்களும் கணினி நிபுணர்களும் கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளும் ஒருமுகமாகக் கண்டிக்கும் இவ்வழக்கமே இல்லக் கணினிக்கு வாய்த்த காவல்களுள் தலையாயது என்பது நம் துணிபு.

முதலில் பகைவன் எங்கே இருக்கிறான் என்று பார்ப்போம். அவன் நம் தெருவில் இல்லை. பல வேளை நம் நாட்டிலேயே இல்லை. அவன் கையில் இருப்பவை, வேறெங்கோ களவுபோன கடவுச்சொல் பட்டியல்களும் அவற்றைக் கணக்குக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் நிரல்களும்தான். அப்பட்டியல்கள் பலிப்பதற்குக் காரணம் மனித நினைவாற்றல். நினைவில் நிற்க வேண்டுமானால் சொல் எளிதாக இருக்க வேண்டும். பல இருந்தால் குழம்பும், ஆகவே எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றாகிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். 86 விழுக்காடு எளிதில் பிடிபடக்கூடியவை. அவற்றில் 15, ஒரே ஓர் எழுத்தாலானவை. முப்பது ஆண்டு கழித்து, 2009 டிசம்பரில், ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் பறிபோனபோது, ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்தது 123456. நினைவை நம்பியோர் கதி இது. எழுதி வைக்கும் வீட்டிலோ மின்கட்டணத்துக்கு ஒன்று, ரயில் முன்பதிவுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என வாயில் நுழையாத எழுத்துக் கூட்டங்களை வைத்துக்கொள்ளத் தடையே இல்லை. ஒன்று களவுபோனாலும் மற்றவை தப்பும். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005இலேயே சொன்னார். நம் தினசரி காலண்டர் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடிக்கடி மாற்றுவதல்லவோ பாதுகாப்பு எனின், அற்றன்று. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டி, எண்ணையும் குறியையும் கலக்கச் சொல்லிற்று, காலந்தோறும் மாற்றவும் சொல்லிற்று. உலகம் கீழ்ப்படிந்தது: பேத்தி பெயருக்குப் பின்னால் @123 சேர்ந்தது, மூன்று மாதம் கழித்து அதுவே @124 ஆயிற்று. 2017இல் அந்நிறுவனமே அவ்விதிகளைக் கைவிட்டது. தாம் செய்தவற்றுள் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக பர் ஒரு நாளிதழிடம் சொன்னார். காலண்டர் மரபில் இந்த அவதி கிடையாது. ஜனவரி முதல் தேதி புது அட்டைக்குப் படியெடுக்கும்போது சிறிய 'எல்' ஒன்றாகிறது, 'ஓ' சுழியமாகிறது. ஏட்டுச்சுவடி போலவே பாடபேதம் தானாகத் தோன்றிவிடுகிறது. மூன்றாம் படியில் மூலபாடம் எது என்று தெளிய உ.வே.சா.தான் வர வேண்டும். பழைய அட்டையோடு ஒப்பிடலாமென்றால், முருகன் படம் போட்டதைக் குப்பையில் போட மனமில்லாமல் கோயில் அரசமரத்தடியில் சாய்த்து வைத்தாயிற்று. வங்கிக் கணக்கு அங்கே நேரடியாக இறைவன் பொறுப்பில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் பேனாவால் அடித்துவிட்டு வைப்பதே முறை.

எழுத்தில் இறங்கிய இரகசியம் தங்காது என்பாரும் உளர். அவர்கள் காட்டும் சான்றுகள் வலியவை. 2015 ஏப்ரலில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி டிவி5மாந்த் தாக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேட்டி கொடுத்த ஊழியரின் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளில் கடவுச்சொற்கள் தெரிந்தன. ஹவாயில் 2018 ஜனவரியில் பொய்யான ஏவுகணை எச்சரிக்கை போன பிறகு, அந்த அலுவலகத்தின் பழைய புகைப்படம் ஒன்றில் கணினித் திரையோரம் ஒட்டிய கடவுச்சொல்லை ஊரே வாசித்தது. ஆனால் இரண்டிலும் தாள் கேமராவைப் பார்த்தபடி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். காலண்டரில் கேமராவைப் பார்ப்பவர் முருகன். கடவுச்சொல் பார்ப்பது சுவரை. இன்னும் பழைய சான்று ஒன்றுண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1962இல் ஆலன் ஷெர் என்ற மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினியிடம் கேட்டார், அதுவும் தந்தது. அச்சிட்டது தாளில்தானே என்று எதிர்த்தரப்பு மகிழலாம். காட்டிக் கொடுத்தது இயந்திரம்; தாள் வெறும் சாட்சி. வீட்டுக்கு வந்து போகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்னும் ஐயத்தை மட்டும் எளிதில் தள்ள முடியவில்லை. வங்கிச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தை எழுதாமல் மனத்தில் வைத்துக்கொள்வது அதற்குப் போதிய மாற்று.

கனமான ஆட்சேபம் வேறொன்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கேட்பவனிடம் பாட்டி அட்டையைப் பார்த்தே படித்துக் காட்டிவிட்டால்? இதை எந்தச் சுவரும் தடுக்காது என்பது உண்மையே. ஆயினும் மோசடிக்காரனின் முதலீடு அவசரம்: இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கும் என்பான். அட்டை முறையில் முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும், பிறகு ஸ்டூலைப் போட்டு ஏற வேண்டும், ஏறினால் வீட்டில் யாராவது ஒருவர் "யாரு போன்ல?" என்று கேட்டே தீர்வார். விலை கொடுத்து வாங்கும் எந்த ஆன்டிவைரஸும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐயும் அட்டையிலேயே எழுதி வைத்தால், இறங்குவதற்குள் வேலை முடியும்.

கடைசியாக, இக்காலத்தில் கடவுச்சொல் பெட்டகச் செயலிகள் இருக்க அட்டை எதற்கு எனின், பெட்டகம் நல்லதே. எல்லாச் சொற்களையும் அது பூட்டி வைத்துக்கொள்ளும். அதைத் திறக்க ஒரு தலைமைக் கடவுச்சொல் வேண்டும் என்பதுதான் சிக்கல். அதை மறந்தால் எல்லாம் போயிற்று. இதற்கு ஒன்பாஸ்வேர்டு என்னும் பெட்டகச் செயலிக்காரர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: ஒரு பக்கத் தாளை நாமே அச்சிட்டு, தலைமைச் சொல்லைக் கையால் அதில் எழுதி, பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எழுதுவதற்கு இடமும் விட்டிருக்கிறார்கள். ஆணியை எங்கே அடிப்பது என்று மட்டும் அதில் குறிப்பில்லை.