அந்தோனியாருக்கு ஒரு சங்கடம்

காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்று பெயரெடுத்தவர் புனித அந்தோனியார். வஹகோட்டைத் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர் சிலர், திரும்பும் வாரத்தில் அவரிடம் நேரெதிரான ஒன்றை வேண்டுகிறார்கள்: பிள்ளையின் கொப்புளிப்பான் எவர் கண்ணிலும் படக்கூடாது.

கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கும் நோய் இது. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பிள்ளை பறக்கக்கூடாது என்பது மருத்துவ விதி. நம் விதி வேறு: முழுக்கைச் சட்டை, முகத்துக்கு இரண்டு பூச்சுப் பவுடர். கட்டுநாயக்கவில் கேட்டால், "நுளம்பு கடிச்சது, மிஸ்."

வீட்டிலிருந்தவரை அது 'அம்மாள் வருத்தம்'. வாசலில் வேப்பிலை, அயலார் உள்ளே வரத் தடை. விமானத்தில் ஏறியதும் அம்மாள் நுளம்பாகிவிடுகிறாள். பக்கத்து இருக்கையில் கர்ப்பிணி இருந்தாலும் கவலையில்லை. அவர் அயலார் இல்லையே!

ஒரு காலத்தில் மாத்தளைத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மாரை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்துவைத்த பிறகே கப்பலேற்றினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பயணத் தேதியை மாற்றினால்தான் கட்டணம். முந்நூறு பேருக்கு நோயைப் பகிர்ந்தளிப்பது இன்னும் இலவசமே.