சேர்வருக்கு என்ன சோம்பல்?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சேர்வரில் ரெயிட் 5 இருக்கிறது. போன மாதம் வரை பறந்தது. இப்போது ஒரு கோப்பைச் சேமிக்கவே இழுபடுகிறது. புது டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
– வாசகர், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: காசு பெட்டியிலேயே இருக்கட்டும். வாசிப்பு வேகமாக இருந்து எழுதுவது மட்டும் மந்தமென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கொன்ட்ரோலர் அட்டையின் சின்னப் பற்றரியை. எழுத வேண்டியதை அட்டை தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். ஆறுதலாகப் பிறகு டிஸ்கில் இறக்கும். இதுதான் ரைட்பேக். கரண்ட் போனால் அந்தத் தரவைக் காப்பது பற்றரி. அது சோர்ந்துவிட்டால் அட்டை தேக்கி வைப்பதையே நிறுத்திவிடும். குளக்கட்டு பலவீனமென்றால் இரணைமடுவில் நீர் தேக்க விடுவார்களா?

தேக்கம் நின்றால் ரெயிட் 5இல் அடி பலமாக விழும். சிறிதாக ஒன்றை எழுதவே பழைய தரவையும் பழைய பரிட்டியையும் (டிஸ்க் பழுதானால் தரவை மீட்க உதவும் கணக்கு) வாசித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும்: மொத்தம் 4 வேலை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெயிட்டை முன்வைத்தபோதே இந்தச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

‘ஐயோஸ்டாட்’ ஓடவிட்டு எழுத்துக் காத்திருப்பைப் பாருங்கள். மெகாரெயிட் அட்டையென்றால் ‘ஸ்டோர்சிஎல்ஐ’ பற்றரியின் நிலையைச் சொல்லும். பற்றரி நலமென்றால், எந்த டிஸ்காவது பழுதாகி ரீபில்ட் ஓடுகிறதா என்று தேடுங்கள். வன்னி வெக்கையில் ஏசி இல்லாத அறை பற்றரியின் ஆயுளைக் குடித்துவிடும்.

பற்றரி இல்லாமலே ரைட்பேக்கைக் கட்டாயப்படுத்தச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு மின்வெட்டில் கோப்பெல்லாம் சிதையலாம். இன்றைக்கே பேக்கப் எடுங்கள், பிறகு பற்றரியை மாற்றுங்கள்.